லஃப்தாவும் ஆறு பை பூத்தூளும்

எங்க அக்கா புருஷன் லஃப்தாவுக்கு மொத்தம் நானூத்திப் பன்னெண்டு பொண்டாட்டி. ஒண்ணு எங்க அக்கா நஷ்மியா. மிச்சம் நானூத்திப் பதினொண்ணும் பேரீச்ச மரம். இதை நான் சொல்லல, அக்காதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியும். "எங்கிட்ட வந்து குறட்டை விடுறாரு, அவளுங்க கழுத்தை மட்டும் நாள் பூரா கட்டிக்கிட்டுத் தொங்குறாரு"ன்னு.

மச்சான் ஆளு ஒரு கோதுமை மூட்டை உயரம். மரம் ஏறி ஏறி ரெண்டு காலும் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. அவரு நின்னுக்கிட்டிருக்கும்போதே நடுவுல ஒரு செம்மறியாடு புகுந்து அந்தப்பக்கம் போனதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். உள்ளங்கை இருக்கே, அது கையில்ல, மரப்பட்டை. அதுல தீக்குச்சி உரசி நான் சிகரெட் பத்த வச்சிருக்கேன். பொய்யின்னு நெனச்சா இராக்குல ஹில்லாவுக்குத் தெக்க ஆத்தோரம் துலூல்னு எங்க ஊரு, வந்து கேட்டுப் பாருங்க.

அவரு மூணு சண்டை பாத்த மனுஷன். ஒண்ணுலயும் ஒரு தோட்டா சுட்டதில்ல. ஈரான்கூட எட்டு வருஷம் அடிச்சுக்கிட்டப்ப இவரைப் புடிச்சிட்டுப் போயி, மரத்து மேல ஏறி எதிரி வர்றானான்னு பாருன்னாங்க. ஏறினவரு, காஞ்ச மட்டை நெறைய கெடக்கேன்னு வெட்டி வெட்டிக் கீழ போட்டு மரத்தை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டு எறங்குனாரு. "எதிரி வந்தானா?"ன்னு அதிகாரி கேட்டான். "யாரோ போனாங்க, நான் கவனிக்கல"ன்னாரு. குவைத் சண்டையில பதினெட்டு நாள் வெறுங்காலோட நடந்தே வீடு வந்து சேந்தாரு. பொண்டாட்டி கதவைத் தொறந்ததும் தண்ணி கேக்கல, ரொட்டி கேக்கல. "பாளை வெடிச்சிருச்சா?"ன்னாரு. அக்கா கதவைச் சாத்திடுச்சு.

அதுல ஒரு விஷயம் இருக்கு. பேரீச்சையில ஆம்பளை மரம் தனி, பொம்பளை மரம் தனி. காத்து பாத்துக்கும்னு விட்டா பத்துல ஒரு பாளைகூட உருப்படியாக் காய்க்காது. வசந்தத்துல பொம்பளை மரத்துப் பாளை டப்புனு வெடிக்கும். வெடிச்ச நாலஞ்சு நாளுக்குள்ள ஒருத்தன் மேல ஏறி, ஆம்பளைப் பூவோட தூளை அதுல போட்டாகணும். விட்டா அந்த வருஷம் மரம் நிழலுக்கு மட்டும்தான். எங்களுக்குப் பேரீச்சைதான் சோறு, அதுதான் சர்க்கரை, மாட்டுக்குத் தீவனமும் அதுதான். குவைத் சண்டைக்கப்புறம் பதிமூணு வருஷம் ஒரு சாமானும் உள்ள விடாம உலகம் எங்களைப் பூட்டிப் போட்டப்ப அதைத் தின்னுதான் இந்த ஊரு உசுரோட இருந்துச்சு.

அமெரிக்காக்காரன் வர்றதுக்கு மாசம் பாத்தான் பாருங்க! சரியா எங்க மரங்களோட கல்யாண மாசம்.

துலூல்ல ஆம்பளை மரம் ரெண்டே ரெண்டு. ரோட்டோரம் ஒண்ணு, வாய்க்காலோரம் ஒண்ணு. ரோட்டோரம் நிக்கிறதுதான் வாலிபன். ஒரு வருஷத்துக்கு முப்பது பாளை விடுவான். ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருந்தாங்க, இந்தச் சண்டையில போடுற குண்டுக்குக் கண்ணு உண்டாம், மூளை உண்டாம், சன்னல் வழியாப் போயி வேணுங்கிறவனை மட்டும் தொட்டுட்டு வருமாம். அந்த மூளைக்காரக் குண்டு வானத்துலேர்ந்து எறங்கி, நானூத்திப் பதினோரு பொம்பளை மரத்தையும் தள்ளிட்டு, நேரா வந்து எங்க வாலிபன் தலையில விழுந்துச்சு. அந்த ஒரு குண்டு வெலைக்கு எங்க ஜில்லா மொத்தத்தையும் மரத்தோட, மாட்டோட, மாமியாரோட வாங்கியிருக்கலாம்னு சொல்றாங்க.

அதே சத்தத்துல பக்கத்து மத்தூக் வீட்டுல மூணு பேரு போயிட்டாங்க. ரேடியோவுல அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதை என்னால சிரிச்சுக்கிட்டே சொல்ல முடியாது. அதனால தாண்டிப் போறேன்.

மூணு பேரையும் அடக்கம் பண்ணிட்டு வந்த மச்சான், மறுநாள் வாய்க்காலோரக் கெழவன் மேல ஏறுனாரு. அது வருஷத்துக்கு எட்டு பாளை விட்டாலே பெரிசு. எட்டையும் வெட்டி, மொட்டை மாடியில காயப் போட்டு, உதிர்த்து, சலிச்சு, கோதுமை மாவு கலந்து ஆறு பையில அடைச்சாரு. அந்தப் பை முக்கியம். துணி கெட்டியா இருக்கக்கூடாது. நீளக் கம்பு நுனியில கட்டிப் பாளை மேல தட்டுனா, கொசுவலையில புகை வர்ற மாதிரி தூள் வெளிய வரணும். ஊர்ல அந்த மாதிரி துணி எங்கயும் கெடைக்கல. கடைசியில அக்காவோட கல்யாண முக்காட்டையே கிழிச்சாரு.

"நீ கட்டிக்கிட்டு வந்த முக்காடு, அவளுங்களுக்கும் ஒருநாள் உதவட்டுமே"ன்னாரு.

"செத்தா என்னை எதுல சுத்துவீங்க?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"பழம் பழுத்தா புதுசு வாங்கித் தர்றேன்."

"கட்டுன நாள்லேர்ந்து இதத்தான் சொல்றீங்க."

அந்தத் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. பொம்பளைங்க படிக்கலாம்ங்கிறதால அது என்ன வாசனைன்னு எழுத மாட்டேன். கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும். மூக்குல ஏறுனா தும்மல் நிக்காது. அதனால மச்சான் சலிக்கும்போது மூக்கு, வாயெல்லாம் துணியால கட்டிக்கிட்டாரு. கோழி கிட்ட வந்தாக்கூட "போ, போ"ன்னு வெரட்டுனாரு.

இதை மேல சுத்திக்கிட்டிருந்த அமெரிக்காக்காரன் ஹெலிகாப்டர் பாத்துடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. இவங்க கடல் தாண்டி வந்ததே எங்க மேலிடம் எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கிற விஷத்தூளைத் தேடித்தான். அரண்மனையில தேடியாச்சு, பால்பவுடர் கிடங்குல தேடியாச்சு, ஒரு பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி டப்பாவைக்கூட விடல. எங்கயும் ஒண்ணும் இல்ல. அப்ப மேலேர்ந்து பாத்தா, மொட்டை மாடியில முகத்தை மூடுன ஒரு கெழவன் வெள்ளைத் தூளைச் சலிச்சுக்கிட்டிருக்கான், யாரையும் கிட்ட விட மாட்டேங்கிறான். அவங்களுக்கு ரெண்டு பெருநாளும் ஒரே நாள்ல வந்த மாதிரி ஆயிடுச்சு.

பதினோரு வண்டி வந்துச்சு. ஒரு டாங்கி அக்காவோட ரொட்டி அடுப்பு மேலயே ஏறி நின்னுச்சு. கேப்டனுக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும், வெயில்ல வெந்த மூக்கு, நல்ல முகம். கூட மொழிபெயர்க்கிறவன் ஒருத்தன், பேரு ஷர்பல். லெபனான்ல பொறந்து அமெரிக்காவுல வளந்தவன். பேரீச்சைய டப்பாவுல மட்டும் பாத்தவன்.

ஆறு பையையும் வீட்டு முத்தத்துல வரிசையா வச்சாங்க. மச்சான் கையைப் பிளாஸ்டிக் பட்டையால பின்னால கட்டிட்டாங்க.

"ஹஜ்ஜி, இது என்ன?"ன்னான் ஷர்பல்.

"நான் ஹஜ்ஜி இல்ல தம்பி. மெக்காவுக்கு உங்க வண்டி போச்சுன்னா சொல்லு, ஏறிக்கிறேன். இது மரத்துக்குப் போடுற பூத்தூள்."

"மரத்துக்கு எதுக்கு?"

"காய்க்கணும்ல!"

ஷர்பல் திரும்பிச் சொன்னான். கேப்டன் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு என்னமோ சொன்னான்.

"எங்க ஊர்ல ஆப்பிள் மரம் தன்னால காய்க்குதேன்னு கேக்குறாரு. அங்க தேனீ பாத்துக்குமாம்."

"எங்க ஊர்ல லஃப்தா பாத்துக்குறான்னு சொல்லு"ன்னாரு மச்சான்.

நாங்க சிரிச்சோம். ஒரு சிப்பாய் துப்பாக்கியத் தூக்குனான். சிரிப்பை நிறுத்துனோம்.

அப்புறம் உரச்சாக்குக்குக் கையும் காலும் மொளைச்ச மாதிரி மூணு பேரு வந்தாங்க. தலையில கண்ணாடிக் குடம். ஒரு பையில குச்சியை விட்டுப் பாத்தாங்க, குச்சி செவந்துச்சு. விஷம்! இன்னொரு குச்சி விட்டாங்க, ஒண்ணும் ஆகல. விஷம் இல்ல! மூணாவது குச்சி பாதி செவந்துச்சு. ஒருத்தன் புதுக் குச்சி ஒண்ணை அக்கா வச்சிருந்த ரொட்டி மாவுல விட்டான், அதுவும் செவந்துச்சு. அக்கா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "முப்பது வருஷமா அதைத் தின்னுட்டு இந்த மனுஷன் சாகாம இருக்காரே, அதையும் எழுதிக்கச் சொல்லு"ன்னுச்சு.

மொத்தத்துல முடிவு என்னன்னா, ஊரைக் காலி பண்ணு. எங்களைப் பூரா வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் தள்ளிட்டாங்க. பையைத் தொட்ட ஏழு சிப்பாய்ங்களை நடு முத்தத்துல அம்மணமா நிக்க வச்சு நுரை அடிச்சுக் கழுவுனாங்க. வாய்க்கால் கரையிலேர்ந்தே எல்லாம் தெரிஞ்சுது, எங்க பொம்பளைங்க எல்லாரும் திரும்பி நின்னுக்கிட்டாங்க. ரொம்ப மெதுவாத்தான் திரும்புனாங்க. அக்காவோட பதினாலு கோழியையும் கூண்டுல போட்டு மேல காவல் வச்சாங்க. ஒரு கோழிக்கு ரெண்டு சிப்பாய். எங்க ஊர்ல ஒரு அமைச்சருக்குக்கூட அந்தக் காவல் கிடையாது.

மூணு நாள் இப்படியே போச்சு. தூளை எங்கயோ கடலுக்கு அப்பால இருக்கிற பெரிய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போகணுமாம். பூட்டுற இரும்புப் பெட்டி ஹெலிகாப்டர்ல வருதாம். ஹெலிகாப்டர் வரல. முதல் நாள் புழுதின்னாங்க, ரெண்டாவது நாள் எண்ணெய் இல்லன்னாங்க. எண்ணெய் மேல மிதக்குற நாட்டுல!

மச்சான் கை கட்டுனபடியே தோப்பு ஓரத்துல உக்காந்திருந்தாரு. நான் பக்கத்துல உக்காந்து, அவருக்கு ரொட்டியை ஊட்டி விட்டேன். தலைக்கு மேல பாளைங்க டப்பு, டப்புனு வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொண்ணு வெடிக்கும்போதும் மச்சான் தோள் குலுங்கும்.

"அது வாய்க்கால் மேட்டுக்காரி"ம்பாரு. "இது ரெட்டைக் கொண்டைக்காரி. முதல் நாளே வெடிச்ச பாதிப் பேருக்கு இன்னையோட மூணு நாள்."

"இன்னும் எத்தனை நாள் மச்சான்?"

"நாளைக்கு மத்தியானம் தாண்டுனா, பாதிக்கு மேல போச்சு."

"கெழவன்கிட்ட பாளை மிச்சம் இல்லையா?"

"எட்டையும் வெட்டிட்டேனேடா." சொல்லிட்டு அழுதுட்டாரு. மத்தூக் வீட்டுச் சாவுக்கு அழாத மனுஷன் இல்ல, அன்னைக்கும் அழுதாரு. ஆனா இது வேற அழுகை. அது செத்தவங்களுக்கு. இது உசுரோட இருக்கிறவங்க என்னத்தைத் தின்னுவாங்கன்னு.

நாலாவது நாள் காலையில கேப்டன் வந்தான், கூட ஷர்பல்.

"ஐயா, இன்னைக்கு மத்தியானம் ஹெலிகாப்டர் வருது. அதுவரைக்கும் பையை வெட்டவெளியில வைக்கணும். கேப்டன் ஒரு விஷயம் கேக்குறாரு. காத்து ஊருக்குள்ள வராத எடம் எது? ஜனங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நெனைக்கிறாரு."

மச்சான் தலையைத் தூக்குனாரு. மூஞ்சியை வடக்க திருப்புனாரு. அவரு மரத்து மேலயே வாழ்ந்த மனுஷன், காத்தை மூக்குலயே படிப்பாரு.

"ஹெலிகாப்டர் எவ்வளவு பெருசு?"ன்னாரு.

"பெருசு. முன்னாடி ஒரு விசிறி, பின்னாடி ஒரு விசிறி."

"ரெண்டு விசிறியா?"

"ஆமா."

நான் அவரு மூஞ்சியைப் பாத்தேன். சின்ன வயசுல திராட்சை திருடப் போகும்போது அவரு அப்படி ஒரு மூஞ்சி வைப்பாரு.

"தோப்புக்கு வடக்க நெல்லடிக்கிற களம் இருக்கு"ன்னாரு. "காத்து அங்கேர்ந்து தோப்புக்குத்தான் போகும். ஊருக்கு வராது. அல்லா மேல சத்தியம், ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

ஒரு சொல்லு பொய் கிடையாது. கேப்டன் நன்றி சொன்னான். அவரு தோளைத் தட்டிக்கூடக் குடுத்தான்.

பையை ஆறையும் களத்து நடுவுல வச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரத்துல நாலு கல்லை வச்சாங்க. உலகத்துலயே பெரிய பட்டாளம், நாலு கல்லு! மச்சான் எங்கிட்ட குனிஞ்சு, "டேய், அக்காவோட முக்காடு கெட்டியான துணியா, மெல்லிசா?"ன்னாரு.

"மெல்லிசு மச்சான். கல்யாணத்தன்னைக்கே அக்கா மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதே."

"அது என் தலையெழுத்து. இன்னைக்கு அதுவே நல்லதாப் போச்சு."

மத்தியானத் தொழுகை முடியவும் சத்தம் கேட்டுச்சு. வடக்கேர்ந்து ஹெலிகாப்டர் வந்துச்சு, ரெண்டு எருமை கூடின மாதிரி. சரியா களத்துக்கு மேல வந்து நின்னுச்சு. எறங்க ஆரம்பிச்சதுதான் தாமதம், நாலு கல்லும் நாலு பக்கம் பறந்துச்சு. விரிப்பு பறந்து போய் ஒரு உரச்சாக்குக்காரன் தலையில மாட்டிக்கிச்சு. அப்புறம் பை. ஒவ்வொண்ணும் துள்ளிச்சு, உருண்டுச்சு, உப்புச்சு. எங்க அக்கா முக்காடு நூலு நூலா மூச்சு விட்டுச்சு. தூளு வெளிய வந்துச்சு பாருங்க, வெள்ளையா, மஞ்சளா, ஒரு மேகமே தரையிலேர்ந்து எந்திரிச்சு தோப்பு மேல நடந்து போன மாதிரி.

அவங்க பட்ட பாடு! ஒருத்தன் டாங்கிக்கு அடியில பூந்தான். ரெண்டு பேரு வாய்க்கால்ல குதிச்சாங்க. ஓடுனவன் ஓட, விழுந்தவன் விழ, எல்லாரும் தும்முறான். ஒரு பட்டாளமே சேந்து தும்முனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பாக்தாத்துல சன்னல் கண்ணாடி ஆடியிருக்கும். கேப்டன் மாவு மில்லுல விழுந்து எந்திரிச்சவன் மாதிரி புருவம் வரைக்கும் வெள்ளையா நின்னான், சாகப் போறோம்னு நெனச்சு அம்மாவைக் கூப்பிட்டான். அந்தச் சொல்லுக்கு ஷர்பல் மொழிபெயர்க்கத் தேவையில்ல.

மச்சான் மட்டும் கட்டுன கையோட தோப்பு நடுவுல ஓடிக்கிட்டிருந்தாரு. "இன்னும் கொஞ்சம் தெக்க! தெக்க!"ன்னு வானத்தைப் பாத்துக் கத்துறாரு, ஹெலிகாப்டர் என்னமோ அவரு கழுதை மாதிரி. தூளு அவரு தலையில, தாடியில, கண்ணுல. கண்ணீரு அதுல கோடு போட்டு எறங்குது. "ரெட்டைக் கொண்டைக்காரிக்கு விழுந்துருச்சுடா! மேட்டுக்காரிக்கும் விழுந்துருச்சு!"

அன்னைக்கு மறுபடியும் அம்மணம், மறுபடியும் நுரை. இந்தத் தடவை நூத்தம்பது பேரு. எங்க பொம்பளைங்க திரும்பி நின்னு களைச்சே போயிட்டாங்க.

யாரும் சாகல. ஒரு வாரம் பாத்தாங்க, ரெண்டு வாரம் பாத்தாங்க, கோழி முட்டை போட்டுச்சு. மச்சானை அவுத்து விட்டாங்க. மணிக்கட்டுல பட்டை அறுத்த தழும்பு இன்னும் இருக்கு.

பழம் பறிக்கிற காலத்துல கேப்டன் ஒரே ஒரு வண்டியில வந்தான். முன்ன மாதிரி இல்ல, எளச்சிருந்தான். அவனோட வந்த ஆளுங்கள்ல நாலு பேரு ரோட்டோர வெடியில போயிட்டாங்கன்னு ஷர்பல் மெதுவாச் சொன்னான். மச்சான் அவங்களுக்கும் ஒரு துஆ ஓதி அல்லாகிட்ட வேண்டிக்கிட்டாரு. கேப்டன் பையிலேர்ந்து ஒரு காகிதம் எடுத்தான். கடலுக்கு அப்பாலேர்ந்து பதில் வந்துருச்சாம்.

"பேரீச்சை மகரந்தம், கோதுமை மாவு, ஒரு கோழி எறகு"ன்னு ஷர்பல் படிச்சான்.

"எறகு எந்தக் கோழியோடது, செவப்பியோடதா?"ன்னு அக்கா உள்ளேர்ந்து கேட்டுச்சு.

மச்சான் ஒரு தட்டு நெறைய பழமும் ஒரு குவளை மோரும் கொண்டு வந்து வச்சாரு. கேப்டன் தயங்குனான்.

"சாப்பிடச் சொல்லு தம்பி. பெத்த தகப்பன் தின்னாமப் போகக் கூடாது. இதெல்லாம் அவங்க ஹெலிகாப்டருக்குப் பொறந்த புள்ளைங்க. இவ்வளவு செலவு பண்ணி உலகத்துல எந்த மரத்துக்கும் கல்யாணம் நடந்திருக்காதுன்னு சொல்லு."

ஷர்பல் சொன்னான். கேப்டன் சிரிச்சான், ஒரு பழத்தை வாயில போட்டான், இன்னொண்ணு போட்டான், அப்புறம் தட்டையே மடியில வச்சுக்கிட்டான். தின்னுக்கிட்டே தோப்பைச் சுத்திப் பாத்தான். தெக்கு மூலையில அறுபது, எழுபது மரம் வெறுங்குலையோட நின்னுச்சு.

"அது ஏன் காய்க்கலைன்னு கேக்குறாரு."

"உங்க காத்து அங்க எட்டல. அடுத்த தடவை ரெண்டு ஹெலிகாப்டர்..." மச்சான் நிறுத்திட்டாரு. "வேணாம். அதைச் சொல்லாத. இவங்க நெசமாவே அனுப்பிடுவாங்க."

போகும்போது ரோட்டோரக் குண்டுக் குழிக்கிட்ட கேப்டன் நின்னான். குழிக்குள்ள சாக்கு சுத்தி ஒரு சின்னப் பேரீச்சங்கன்னு நட்டிருந்துச்சு. செத்துப் போன வாலிபனோட அடியில முளைச்ச பக்கக்கன்னு. மச்சான்தான் பிரிச்சு நட்டாரு.

"இது ஆம்பளைக் கன்னு"ன்னாரு மச்சான். "பாளை விட இன்னும் ஆறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இருப்பீங்களான்னு கேளு."

கேப்டன் சிரிச்சு, தலையை ஆட்டி, சத்தமாச் சொன்னான். ஷர்பல் திருப்பிச் சொன்னான்:

"ஆறு மாசத்துல எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்களாம்."

கன்னு வளந்துச்சு. ஆறாவது வருஷம் மூணு பாளை விட்டுச்சு. மச்சான் அதுல ஏறி முதல் பாளையை வெட்டினப்ப, அப்பவும் மேல ஒரு அமெரிக்கா ஹெலிகாப்டர் போச்சு. நிமிந்து பாத்தவரு, காய வச்சுத் தூளைச் சலிக்கும்போது, மேலேர்ந்து மூஞ்சி நல்லாத் தெரியட்டும்னு துணியைக் கட்டிக்கவே இல்ல. அன்னைக்குப் பூரா தும்முனாரு.